இவாவோ குடிக்காத சூப்

கடலுக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று எதிர்பார்க்கும் வழக்கம் எங்கள் இசோகுராவில் இல்லை. ஜப்பானின் வடகரையில், மலைக்கும் அலைக்கும் நடுவே நூற்றுப்பன்னிரண்டு வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் அந்தத் துறைமுகச் சிற்றூரில், மாசிப் பனியில் காணாமற்போன இவாவோ என்ற மீனவர், தொடர்ந்து எழுபத்து மூன்று நாள் தம் வீட்டில் காலை உணவு உண்டார். அதற்காக எவரும் வியக்கவில்லை. அவர் மிசோ சூப்பை மட்டும் தொடாமல் விட்டதுதான் எங்களுக்கு வியப்பாக இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள முதலில் உப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பனிக்காலம் ஐந்து மாதம் நீளும் ஊரில் முள்ளங்கியையும் மீனையும் உப்பிலிட்டே காக்க வேண்டும். அவித்த சோயாவை உப்போடு சேர்த்துப் புளிக்கவைத்த மிசோ விழுதைக் கரைத்தே வேளைக்கு வேளை சூப் வைக்க வேண்டும். அந்த உப்பு எங்கள் ஆண்களின் ரத்தக்குழாய்களில் ஏறி உட்கார்ந்து, ஐம்பதைத் தாண்டியவர்களை, கூரைப் பனியை வாரும்போதோ குளியல் தொட்டியிலிருந்து எழும்போதோ, ஒரு சொல்லும் சொல்லவிடாமல் சாய்த்தது. இவாவோவின் தந்தை அப்படிப் போனார். அண்ணனும் அப்படியே போனார். ஆகவே சுகாதார நிலையத்தார் ஊர்ப் பெண்களைக் கூட்டி உணவுச் சீரமைப்புக் குழு ஒன்றை அமைத்து, ஆளுக்கொரு வெள்ளை மேலங்கியும், முனையைச் சூப்பில் தோய்த்தால் உப்பின் அளவை எண்ணாகக் காட்டும் பேனா போன்ற ஓர் அளவியும் கொடுத்தபோது, முதலில் கைநீட்டியவர் இவாவோவின் மனைவி கினுயோ.

நாங்கள் வீடுவீடாகப் போனோம். நெத்திலிக் கருவாட்டையும் கடற்பாசிப் பட்டையையும் ஊறவைத்த நீரில் சூப் வைத்தால் சுவை தானே ஏறும், மிசோ பாதி போதும் என்று சொன்னோம். வயிறு பத்துப் பங்கு கொள்ளுமானால் எட்டுப் பங்கோடு சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வையுங்கள் என்று சொன்னோம். நாங்கள் வருவது தெரிந்தால், கதவு திறப்பதற்குள் சூப்புப் பானையில் வெந்நீர் கொட்டும் ஓசை கேட்கும். டோஃபு விற்கும் தொமியின் வீட்டில் அந்த ஓசையைக் கேட்காத மாதமே இல்லை.

"பூஜ்யம் புள்ளி எட்டு," என்று கினுயோ எண்ணைப் படிப்பார். "தொமி-சான், இப்போதானே வெந்நீர் ஊத்தினீங்க?"

"ஊத்தினா என்ன, கினு-சான்? எண்ணு சரியா வந்திருக்கில்ல? எழுதிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போ."

"அளவி நம்பிடும். உங்க இதயம் நம்பாது."

"என் இதயத்தை நம்பின ஒரே மனுஷனும் கடலுக்குள்ள போய் இருபது வருஷம் ஆச்சு," என்று தொமி சிரிப்பார். கினுயோ சிரிக்கமாட்டார், 1.5 என்று திருத்தி எழுதிக்கொண்டு போவார்.

ஊரில் எவரையும் ஏமாற்றாத கினுயோ, தம் கணவரை மட்டும் ஏமாற்றினார். திருமணமான நாள்முதல் ஒரு புள்ளி ஆறாக இருந்த சூப்பை, நாக்குக்குத் தெரியாதபடி, பருவத்துக்கு ஒரு நகக்கீற்று அளவு மிசோவைக் குறைத்துக் குறைத்து, பதினோரு ஆண்டுகளில் பூஜ்யம் புள்ளி ஏழுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பதினோரு ஆண்டுகளில் சமைக்கும்போது அவர் சூப்பை நாக்கில் விட்டுப் பார்த்ததே இல்லை. அளவியைத்தான் விட்டுப் பார்த்தார். இவாவோ எதையும் சொல்லவில்லை. சோற்றிலும் மீனிலும் ஊறுகாயிலும் எட்டுப் பங்கோடு நிறுத்துகிற அந்த மனிதர், சூப்பை மட்டும் அடிவரை குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டுவார்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. படகு இறங்கும் காலையில் கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து, சூப்புக் கிண்ணத்தை ஒரே நேரத்தில் இரு கையாலும் ஏந்தி, ஒன்றாகக் குடிக்க வேண்டும். ஒருவர் ஏந்தாமல் மற்றவர் குடிப்பதில்லை. காரணம் கேட்பாரும் இல்லை; மீறுவாரும் இல்லை.

அந்தக் கடைசிக் காலையில் காற்று கதவிடுக்கில் கத்தியாக நுழைந்துகொண்டிருந்தது. இவாவோ பாயில் அமர்ந்து கைகளைத் தேய்த்தபடி, "ஓய்," என்றார். மனைவியை அவர் வேறு பெயரிட்டு அழைத்ததில்லை. "இன்னிக்கு ஒரு நாள், ஒரு கரண்டி மிசோ கூடப் போடு. விரல்தான் விறைச்சுப் போச்சு, நாக்குக்காவது உறைக்கட்டும்."

"போடமாட்டேன். உங்க அண்ணி இப்படித்தான் இரக்கப்பட்டு ஒரு கரண்டி, ஒரு கரண்டின்னு போட்டாங்க."

"ஒரு நாள்தானே கேட்கிறேன்."

"எல்லாம் ஒரு நாள்லதான் ஆரம்பிக்குது."

இவாவோ கைகளைத் தேய்ப்பதை நிறுத்தினார். பிறகு, "பதினோரு வருஷமா நீ குறைச்சுக்கிட்டே வர்றது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? ஒரு நாளாவது மீதி வெச்சேனா?" என்றார்.

கினுயோ அமரவில்லை. தம் கிண்ணத்தை ஏந்தவில்லை. நின்றபடியே அளவியைக் கணவரின் கிண்ணத்தில் தோய்த்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க. பூஜ்யம் புள்ளி ஏழு. இந்த ஊர்ல எந்த வீட்டிலேயும் இல்லாத எண்ணு."

"எண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார் இவாவோ. கிண்ணத்தின் மூடியை எடுத்து மெதுவாகப் பொருத்திவிட்டு, மேலுடுப்பை மாட்டிக்கொண்டு, தனியாளாகப் படகிறக்கிப் போனார். மறுநாள் துறைக்கு வெளியே நிலமுனைக்கப்பால் படகு கிடைத்தது. வலை மடித்தபடி இருந்தது. சோற்றுப் பெட்டியில் இரண்டு பங்கு மீந்திருந்தது. கிண்ணத்து உப்பிலிருந்து கணவரைப் பதினோரு ஆண்டு காத்தவரிடமிருந்து எந்த உப்பு அவரைப் பறித்தது என்பதை நாங்கள் எல்லோரும் நினைத்தோம், ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்கத் தெரிவதும் ஒழுக்கத்தில் சேர்ந்ததுதான்.

மூன்றாம் நாள் கினுயோ நிழல்தட்டு வைத்தார். தொலைவிலிருக்கும் ஒருவர் பசியின்றி இருக்க வேண்டுமென்று, அவர் அமரும் இடத்தில், அவருடைய தட்டில், வீட்டில் சமைத்ததை அவருக்கும் பரிமாறி வைப்பதுதான் நிழல்தட்டு. உணவு முடிந்ததும் சூப்புக் கிண்ணத்தின் மூடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்பக்கத்தில் நீர்த்துளி வியர்த்திருந்தால் போனவர் உயிரோடிருக்கிறார். கொதிக்கும் எதை மூடினாலும் மூடி வியர்க்கும், இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்; ஆயினும் கொதிக்கும் சூப்பின்மேல் எலும்புபோல் உலர்ந்து கிடந்த மூடிகளை எங்கள் ஊர்ப் பெண்கள் தம் கையால் எடுத்திருக்கிறார்கள்.

சோறு, சுட்ட கானாங்கெளுத்தி, எள்ளில் புரட்டிய கீரை, ஊறவைத்த முள்ளங்கி மூன்று துண்டு, டோஃபு போட்ட சூப். கினுயோ சோற்றுப் பானையைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது சோறு எட்டுப் பங்கு குறைந்திருந்தது. மீனின் முதுகெலும்பு முறியாமல் எடுக்கப்பட்டு, இவாவோ எப்போதும் வைப்பதுபோல் தட்டின் மேலோரத்தில் தலை இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. முள்ளங்கியில் ஒரு துண்டு மிச்சம். சூப்பின் மூடி பொருத்தியது பொருத்தியபடி இருந்தது. எடுத்துத் திருப்பினார். உட்புறம் முழுதும் முத்து முத்தாக வியர்த்திருந்தது; சூப்பு ஒரு மிடறும் குறையவில்லை.

செய்தி கேட்டு ஊர் வந்தது. வாசலில் காலணிகளை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு, பாயில் மண்டியிட்டு, காலியான தட்டுக்குத் தலைவணங்கினோம். கண்கொட்டாமல் பார்த்திருந்தால் ஒரு பருக்கை அசையாது. பனியைப் பற்றியோ பேரன் பேத்தியைப் பற்றியோ பேச்சு நழுவினால், திரும்பும்போது கீரை குறைந்திருக்கும். இதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டு, விருந்தினர் கூச்சப்படாமல் உண்ணட்டும் என்று நாங்கள் வேறு பக்கம் பார்த்துப் பேசப் பழகினோம். மீனவர் சங்கத்தார் இவாவோவின் படகு நிற்கும் இடத்தை வேறெவருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்து, அன்றன்று பிடித்ததில் ஒரு மீனைக் கினுயோவின் வாசலில் வைத்தார்கள். "சின்னதா வைக்காதே, அவன் எலும்பைப் பார்த்தே யார் கொடுத்ததுன்னு கண்டுபிடிச்சிடுவான்," என்று தமக்குள் கடிந்துகொண்டார்கள். கோயில் குரு, இறந்தவர்க்குச் சூட்டும் பெயரை எழுதக் கொண்டுவந்த தூரிகையை உலரவிட்டு, "பசிக்கிறவருக்கு நான் எப்படி மரணப் பெயர் சூட்டுவது?" என்று கேட்டுவிட்டு, தேநீர் மட்டும் அருந்திச் சென்றார்.

சுகாதார நிலையத்து எழுத்தர் ஓகுரி ஆண்டுதோறும் எடுக்கும் உணவுக் கணக்கெடுப்புக்கு வந்தபோது படிவத்தை நெடுநேரம் பார்த்தார். 'வீட்டில் உண்பவர் எத்தனை பேர்' என்றுதான் அதில் இருந்தது. உயிரோடு இருப்பவர் எத்தனை பேர் என்று இல்லை. ஆகவே இரண்டு என்று எழுதினார். சூப்பு குடிக்காததால் இவாவோ உட்கொண்ட உப்பு மாவட்டத்திலேயே குறைவானதாக வந்தது. ஒரு மாதத்தில், உப்புக் குறைப்பில் முன்மாதிரி என்று இவாவோவின் பெயருக்குச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. கினுயோ அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி அலமாரிக்குள் வைத்தார்.

கடலில் ஆளைக் கொடுத்த வேறு ஒன்பது வீடுகளிலும் நிழல்தட்டு வைத்துப் பார்த்தார்கள். ஒரு பருக்கையும் குறையவில்லை. தொமி தம் கணவருக்கு, இருபது ஆண்டுக்குப் பிறகு, வெந்நீர் கலக்காத சூப்பு வைத்தார். "உயிரோட இருந்தப்பவே என் சமையலுக்கு முகத்தைச் சுளிச்ச மனுஷன், இப்ப மட்டும் ஓடியா வரப்போறார்!" என்று எங்களிடம் உரக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தட்டு முழுவதையும் அடுப்படியில் நின்றபடியே தாமே தின்று தீர்த்தார். நாங்கள் அப்போதும் வேறு பக்கம் பார்த்தோம்.

ஆனால் கினுயோவுக்கு வேண்டியது சோறு குறைவதல்ல. சூப்பு குறைய வேண்டும். கணவர் மூடி வைத்துவிட்டுப் போன அந்த ஒரு கிண்ணத்தை அவர் குடித்துவிட்டால் போதும், வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று குருவிடம் அவர் சொன்னதை நாங்களும் கேட்டோம். மறுநாளே ஒரு கரண்டி கூடப் போட்டார். தொடப்படவில்லை. இரண்டு கரண்டி போட்டார். ஒரு புள்ளி இரண்டு, ஒரு புள்ளி நான்கு, மணநாளின் ஒரு புள்ளி ஆறு. ஒவ்வொன்றையும் அளந்து, தேதியிட்டு, நோட்டில் எழுதி, வைத்தார். சிப்பி போட்டார். உருளைக்கிழங்கு போட்டார். இவாவோவின் தாய் வைத்ததுபோல் சால்மன் தலையைப் போட்டார். நாங்களும் ஆளுக்கொரு நாள் எங்கள் வீட்டுச் சூப்பைத் துணி சுற்றி எடுத்துப்போய் வைத்தோம்; உப்பை எதிர்த்துப் பதினோரு ஆண்டு பேசிய பெண்கள், கடலில் இருப்பவரின் நாக்குக்காக, கரிக்கக் கரிக்கச் சூப்பு சுமந்து தெருவில் நடந்தோம். ஒவ்வொரு காலையும் மூடி வியர்த்திருந்தது. ஒவ்வொரு காலையும் கிண்ணம் நிறைந்திருந்தது. ஆறிப்போன சூப்பைக் கினுயோ முற்றத்துப் பனியில் ஊற்றினார். அந்த இடத்தில் மட்டும் பனி முன்னதாக உருகி, கறுத்த மண் ஒரு வட்டமாகத் தெரிந்தது.

பனி முழுவதும் உருகியபோது கினுயோவும் பாதியாகியிருந்தார். மேலங்கியின் நாடா இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றியது. நிழல்தட்டு வைக்கத் தொடங்கிய எழுபத்து இரண்டாம் நாள் காலை, டோஃபு கொடுக்க வந்த தொமி, கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். சோற்றுக் கிண்ணம் இரண்டு. மீன் தட்டு இரண்டு. சூப்புக் கிண்ணம் ஒன்று.

"உன் கிண்ணம் எங்கே?"

"அலமாரியில."

"எப்போலேருந்து?"

கினுயோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அலமாரியைத் தொமியே திறந்தார். சான்றிதழுக்குப் பின்னால், சிவப்பு அரக்குப் பூசிய சிறிய கிண்ணத்தின் மேல் தூசு படிந்திருந்தது.

"அவருக்குக் கொடுக்காத சூப்பை நான் எப்படித் தொமி-சான் குடிக்கிறது?"

"மண்டு," என்றார் தொமி. "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிற மண்டு. எதிர்ல நீ கிண்ணத்தைத் தூக்காம, அந்த ஆள் எப்படித் தூக்குவான்? அவன் என்ன முறை தெரியாதவனா?"

கினுயோ பாயில் அப்படியே அமர்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் அமராமல் நின்றதை, கிண்ணத்தை ஏந்த வேண்டிய கையில் அளவியை ஏந்தியிருந்ததை, அதுவரை எவரிடமும் சொல்லாததை, அப்போதுதான் தொமியிடம் சொன்னார். தொமியும் மண்டியிட்டு அமர்ந்தார். இரண்டு பெண்களுக்கும் நடுவில் டோஃபு தன் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

எழுபத்து மூன்றாம் நாள் வானம் கழுவியதுபோல் இருந்தது. கினுயோ முந்தைய மாலையே ஊறப்போட்ட பாசிப்பட்டை நீரை அடுப்பேற்றி, தலையும் வயிறும் கிள்ளிய நெத்திலியைப் போட்டு, டோஃபுவை உள்ளங்கையில் வைத்து நறுக்கி, தீயை அணைத்த பிறகு மிசோவைக் கரைத்தார். அளவி மேலங்கிப் பையிலேயே இருந்தது. கரண்டியின் நுனியில் ஒரு துளியெடுத்து நாக்கில் விட்டார். இன்னும் கொஞ்சம் கரைத்தார். மறுபடி நாக்கில் விட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்ற அந்த நேரம், பதினோரு ஆண்டுகள் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமாக இருந்தது என்று பிற்பாடு தொமியிடம் சொல்லியிருக்கிறார்.

இரண்டு கிண்ணத்திலும் ஊற்றி, இரண்டையும் மூடி, எதிரெதிரே வைத்து, முதுகு நிமிர்ந்து அமர்ந்தார். மூடியை எடுத்தார். ஆவி முகத்தில் அடித்தது. கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தி, எதிரே இருந்த காலியிடத்தை ஒருமுறை பார்த்து, "சாப்பிடுவோம்," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக் குடித்தார். சுடச்சுட, அடிவரை குடித்தார். நெத்திலியின் கசப்பும், பாசியின் மணமும், அவற்றுக்குமேல் உப்பும் தொண்டையில் இறங்கின. கிண்ணத்தைக் கீழே வைத்தபோது எதிரே இன்னொரு கிண்ணம் கீழே வைக்கப்படும் மெல்லிய ஓசை கேட்டது.

அது காலியாக இருந்தது. எதிலும் எட்டுப் பங்கோடு நிறுத்திய மனிதர் பத்துப் பங்கையும் குடித்துவிட்டு, தாம் எப்போதும் செய்வதுபோல் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார். சோறு, மீன், முள்ளங்கி எதுவும் அன்று தொடப்படவில்லை.

கிண்ணத்தின் அருகில் மூடி நேராகக் கிடந்தது. கினுயோ கைநீட்டினார், நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார், மறுபடி நீட்டினார். அரக்குப் பளபளப்பில் அவருடைய விரலின் நிழல் தெரிந்தது. திருப்பினார். ஆவி பறக்கும் சூப்பின்மேல் அதுவரை மூடியிருந்த அந்த மூடியில் ஒரு துளியும் இல்லை. விரலால் தடவினார். உலர்ந்திருந்தது.

கினுயோ குடிக்காமல் இருந்திருந்தால் இவாவோவும் குடிக்காமல் இருந்திருப்பார். குடிக்காத நாளெல்லாம் மூடி வியர்த்திருந்தது. ஊரில் சிலர் இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். நாங்கள் அவர்களை அதட்டி வாயை அடைத்தோம். எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கலாம் என்று நினைப்பது ஒரு கெட்ட பழக்கம். எங்கள் குழுவுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

மறுநாள் நிழல்தட்டில் சோறு வைத்தபடி இருந்தது. அதற்கு மறுநாளும். குரு வந்து தூரிகையை நனைத்தார். சங்கத்தார் உடலில்லாத பெட்டிக்குள் இவாவோவின் குச்சிகளையும் வலை ஊசியையும் வைத்தார்கள். ஓகுரி தம் படிவத்தில் இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். எழுதும்போது எழுந்து நின்று எழுதினார்.

சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு தொமி மட்டும் தங்கி, அடுப்படியில் கினுயோவோடு சேர்ந்து பாத்திரம் துடைத்தார். வெகுநேரம் ஒரே கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் என் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், கினு-சான்."

"இருந்திருந்தா, அவரை இன்னமும் நாக்கு ஏங்க உட்கார வெச்சிருப்பேன்."

தொமி தலையசைத்தார். கண்ணைத் துடைத்தது பாத்திரம் துடைத்த துணியாலா உடுப்பின் கைநுனியாலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு, பதினோரு ஆண்டு தம் வாசலில் கேட்கப்பட்ட கேள்வியைத் தாமே கேட்டார்.

"கடைசியா வெச்ச சூப்புல, உப்பு எவ்வளவு இருந்துச்சு?"

கினுயோ தம் சிவப்புக் கிண்ணத்தையும் கணவரின் கறுப்புக் கிண்ணத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, உலர்ந்த மூடியை அதன்மேல் வைத்தார்.

"அளக்கலை, தொமி-சான்."